உப்பு எங்கே போச்சு

நான் பனியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இரண்டு வருடங்களாகப் பனியில் ஓடும் லோரிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பாயான் லெப்பாஸில் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே 33 டிகிரி. உள்ளே, ஆய்வுக்கூடத்தின் மூலையில் அலமாரி மாதிரி ஒரு பெட்டி நிற்கிறது. கதவைச் சாத்தி எண்ணைத் தட்டினால் மைனஸ் 40 வரை போகும். அதற்குள் எங்கள் கருவியை வைத்து, மறுநாள் காலையில் திறந்து, திரை எரிகிறதா, பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்ப்போம். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வெள்ளைப் புகைதான் எனக்குத் தெரிந்த குளிர்காலம்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவார். அப்பாதான் விடாமல் கேட்பார். முப்பது வருடம் லோரி ஓட்டியவர். லோரி சம்பந்தப்பட்ட எதையும் அவரிடம் பாதியில் நிறுத்த முடியாது.

"ரோட்டுல உப்ப கொட்டறதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு? சவுளால அள்ளி வீச வேண்டியதுதானே?"

ஒரு காலத்தில் அப்படித்தான் வீசியிருக்கிறார்கள். லோரியின் பின்னால் ஆள் நின்று, குவியலிலிருந்து அள்ளி அள்ளி. இப்போது லோரியின் முதுகில் ஒரு பெரிய தொட்டி. அதன் அடியில் ஒரு திருகுத் தண்டு. செம்பனை ஆலையில் பழத்தை நகர்த்திக்கொண்டு போகுமே, அதே ஸ்க்ரூ கன்வேயர்தான். அது உப்பைத் தள்ளிக்கொண்டுபோய் பின்பக்கம் சுழலும் ஒரு தட்டின்மேல் போடும். தட்டு சாலை முழுக்க விசிறும். லோரி வேகமாகப் போனால் தண்டும் வேகமாகச் சுற்ற வேண்டும். சந்திப்பில் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும் இடத்தில் எல்லாம் ஓர் உப்பு மலை எழும்பிவிடும். கிலோமீட்டருக்கு இத்தனை கிலோ என்று ஓட்டுநர் ஓர் எண்ணைத் திருகி வைத்தால், வேகத்தைப் பார்த்துத் தண்டைச் சுற்றவைப்பது எங்கள் பெட்டியின் வேலை. அப்பாவுக்கு இதைச் சொல்லி முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டார். "தொட்டியில எவ்ளோ இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். சுற்றைத்தான் எண்ணும். ஒரு சுற்றுக்கு இத்தனை கிலோ விழும் என்று முன்பே சொல்லிவைத்திருப்போம். பெருக்கிக்கொள்ளும்.

"அப்போ அது பாக்கல. நெனைச்சுக்குது."

அப்போது சிரித்தேன்.

போன ஜனவரியில் மூன்று வாரத்துக்கு என்னை மின்னசோட்டாவுக்கு அனுப்பினார்கள். புதிய பதிப்பை ஒரு கவுண்டியின் மூன்று லோரிகளில் போட்டிருந்தார்கள். கூடவே உட்கார்ந்து பார்த்து, குறிப்பெடுத்து வர வேண்டும். பனியைப் பார்த்த முதல் நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாரும் எழுதியதுதான். மூக்குக்குள் இருக்கும் முடி உறைந்துபோகும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பனித்தள்ளி லோரிமேல் ஒரு செல்லம் உண்டு. மாநிலப் போக்குவரத்துத் துறை பொதுமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி லோரிகளுக்குப் பெயர் வைக்கிறது. 2021இல் ஜெயித்தது 'ப்ளோவி மெக்ப்ளோஃபேஸ்'. அடுத்த வருடம், சற்று முன்னர் இறந்துபோயிருந்த நடிகை பெட்டி வைட்டின் நினைவாக 'பெட்டி வைட்அவுட்'. கண்ணை மறைக்கும் பனிப்புயலுக்கு அங்கே அதுதான் பெயர். 'கண்ட்ரோல் சால்ட் டெலீட்' என்றுகூட ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் குப்பை லோரிக்கு இப்படி ஒரு போட்டி வைத்தால் என்னென்ன பெயர் வரும் என்று யோசித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏறிய லோரிக்குப் பெயர் இல்லை, எண்தான். ஓட்டுநருக்கு 61 வயது. எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், இருபது வயதுப் பையன்கூட. எனக்கு நாக்கு வரவில்லை. கடைசிவரை பெயரே சொல்லாமல், பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமியே சமாளித்தேன். மனதுக்குள் அங்கிள்.

விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி கிளம்பும். இடது கை ஸ்டீரிங்கில். வலது கையில் முன்தகட்டுக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்குமான ஜாய்ஸ்டிக். கண்ணாடியில் படியும் பனியை வைப்பரால் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். முன்னால் விளக்கு வெளிச்சத்தில் பனி நேராகக் கண்ணுக்குள் பாய்ந்து வருவதுபோல் இருக்கும். சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவருக்கு அஞ்சல் பெட்டிகளும் கம்பங்களும் மனப்பாடம். இதற்கு நடுவில்தான் அவர் எங்கள் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டியை நாங்கள் எப்படிச் செய்திருந்தோம் என்பதை அங்கே வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அழகான தட்டைப் பொத்தான்கள், வரிசையாக எட்டு. பினாங்கில் வெறும் விரலால் அழுத்திப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டவன் நான். அவர் கையில் போட்டிருந்த உறையின் ஒரு விரல் எங்கள் இரண்டு பொத்தான் அகலம். பாலத்தின்மேல், வளைவில், சந்திப்பில் சட்டென்று கொஞ்சம் கூடுதலாக உப்புப் போட ஒரு பொத்தான் உண்டு. அதுதான் அவசரத்துக்கு வேண்டியது. அதைக் கண் திருப்பாமல் தொட, குழாய்க்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்றைப் பொத்தானைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டியிருந்தார். "நீங்க செஞ்சதுல இது ஒண்ணுதான் எனக்குப் புடிக்கும். இதயும் நான்தான் செஞ்சேன்" என்றார்.

உப்பைப் பற்றி நான் ஸ்கூடாயில் படித்ததைவிட அவரிடம் கற்றது அதிகம். நூறு பங்கு உப்புநீரில் 23 பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு இருந்தால் மைனஸ் 21 வரை உறையாது என்பது புத்தகம். ஆனால் சாலை மைனஸ் 9க்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு சோம்பேறியாகிவிடும். மைனஸ் 1இல் ஒரு கிலோ உப்பு 46 கிலோ பனிக்கட்டியை உருக்கும். மைனஸ் 12இல் அதே கிலோ 5 கிலோவைக்கூடத் தாண்டாது. காற்றின் வெப்பநிலை வேறு, சாலையின் வெப்பநிலை வேறு. பாலம் அடியிலும் காற்று பட்டு முதலில் உறையும். காய்ந்த உப்பை வீசினால் சாலையில் பட்டுத் துள்ளிப் பள்ளத்துக்கு ஓடிவிடும். அதனால் தட்டில் விழும்போதே உப்புநீரைத் தெளித்து நனைத்து அனுப்புவார்கள். ஒட்டிக்கொள்ளும், உடனே வேலையைத் தொடங்கும். இப்படி ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: உப்பைக் குறைக்க வேண்டும்.

ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கும் அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மின்னசோட்டாவின் கார் எண் பலகையிலேயே '10,000 ஏரிகள்' என்று போட்டிருக்கும். பனி உருகினால் உப்பு அங்கேதான் போகிறது. போனால் வெளியே வராது. மட்கிப் போகாது, ஆவியாகாது. ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் நன்னீரை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்று அந்த மாநிலத்தின் மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பு விளம்பரமே செய்கிறது. இரட்டை நகரப் பகுதியில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 365,000 டன் சாலை உப்பு என்பது அவர்கள் மதிப்பீடு. அங்கிளின் பாதை ஓர் ஏரியைச் சுற்றிப் போகும். உறைந்த ஏரியின்மேல் குட்டிக் குட்டிக் குடிசைகள் தெரிந்தன. பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களுடையவை. அதில் பச்சை வண்ணம் பூசியது அவருடையது.

இரண்டாவது வாரம், உணவறையில் காபி எடுக்கப் போனபோதுதான் விஷயம் காதில் விழுந்தது. கணக்கு உதைக்கிறது. புதிய பதிப்பு போட்ட நாளிலிருந்து அங்கிளின் லோரி 62 டன் உப்புப் போட்டதாக எங்கள் பெட்டி சொல்கிறது. உப்புக் கிடங்கில் அள்ளிப் போடும் இயந்திரக்காரர் எழுதிவைத்த கணக்கில் 86 டன். 24 டன் எங்கே? மற்ற இரண்டு லோரிகளிலும் கணக்கு நேராக இருந்தது. கடைகளின் கார் நிறுத்துமிடங்களுக்குப் பனி அள்ளும் தனியார் ஆட்களிடம் உப்புக்கு விலை உண்டு. யாரும் வாய் திறந்து 'திருட்டு' என்று சொல்லவில்லை. மேற்பார்வையாளர் என்னிடம் வந்து மிகவும் நாகரிகமாக, லாக் கோப்பில் ஓட்டுநர் எண்ணை வைத்துத் தேட முடியுமா என்று கேட்டார்.

முடியும். அந்தப் பதிப்பின் புதிய வசதியே அதுதான். யார் ஓட்டினார், எங்கே நிறுத்தினார், எத்தனை முறை கூடுதல் பொத்தானை அழுத்தினார் எல்லாமே. அதற்காக அமைப்பு விவரங்களில் நான்கு பைட் இடம் ஒதுக்கி ஓட்டுநர் எண்ணைச் சேர்த்தவன் நான்தான். இதைச் செய்து முடித்த அன்று சக ஊழியர்கள் எனக்கு நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தார்கள்.

இங்கே அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஐந்தாம் படிவம் படித்த வருடம் அவர் ஓட்டிய செம்பனை எண்ணெய் டாங்கி லோரிகளில் கம்பெனி ஜி.பி.எஸ். பொருத்தியது. மூன்றாவது மாதம் வீட்டுக்கு ஒரு கடிதம். ஷோ காஸ் லெட்டர். பீடோருக்குப் பக்கத்தில் 47 நிமிடங்கள் காரணமின்றி வண்டி நிறுத்தப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது என்று மலாயில் எழுதியிருந்தது. அந்த 'டிடாபாத்தி' என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலாக வெறுத்தேன். யார் கண்டறிந்தது? ஒருவருமில்லை. அப்பாவுக்கு இனிப்பு நீர். தலை சுற்றியிருக்கிறது, ஓரம் கட்டி, பிஸ்கட் தின்று, கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். 30 டன் எண்ணெயோடு கண் இருட்ட ஓட்டியிருக்கலாம்தான், கருவி ஒன்றும் சொல்லியிருக்காது. பதிலை நான்தான் எழுதினேன். எஸ்.பி.எம். தேர்வுக்கு மனப்பாடம் செய்த அலுவல் கடித வடிவத்தில், 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக' என்று தொடங்கி. கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்பா அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டார். "இருபது வருஷம் ஓட்டினவனுக்குக் கடுதாசியா?" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா.

மேற்பார்வையாளரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

அன்று இரவு மறுபடி பனி. நானும் ஏறினேன். லாக்கில் தேடச் சொன்னதைப் பற்றி அங்கிளிடம் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். வழக்கமாகப் போடும் ரேடியோவைப் போடவில்லை. ஏரியைச் சுற்றி வரும் சாலையில் திரும்பியதும் சொன்னார்.

"காலி."

திரையைப் பார்த்தேன். தொட்டியில் இன்னும் 28 விழுக்காடு என்று காட்டியது.

"நாலு மைல் இருக்கு. தெனமும் இங்கதான் காலியாவுது. முன்னல்லாம் பாதை முடிஞ்சு கெடங்குக்குப் போறவரைக்கும் வரும். சொன்னேன். பெட்டி சரியாத்தான் இருக்குன்னாங்க."

"எப்படித் தெரியும், காலின்னு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஸ்டீரிங்கை உள்ளங்கையால் லேசாகத் தட்டிக் காட்டினார். லோரி சொல்லுது என்று அர்த்தம். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, மெயின் ரோட்டில் ஏறும் லோரியின் சத்தத்தை மட்டும் கேட்டு "அரை லோடு" என்று சொல்லும் ஆளை எனக்குத் தெரியும்.

ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஏணியில் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் தண்டு பளபளவென்று தெரிந்தது. ஒரு கைப்பிடி உப்பு இல்லை. மைனஸ் 17. அந்த ஏணியில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வயிற்றைக் கலக்கியது.

கேபினுக்குள் வந்து அளவீட்டுப் பட்டியலைத் திறந்தேன். ஒரு சுற்றுக்கு 2.1 கிலோ. தொழிற்சாலையில் நாங்கள் போட்டு அனுப்பும் எண் அது. ஆனால் அந்தக் கிடங்கின் உப்பு ஈரம், கட்டி கட்டியாக இருக்கும். தொட்டிக்குள் பாலம் மாதிரிக் கட்டிக்கொண்டு கீழே இறங்காது. அதற்காக அங்கிள் தன் லோரியில் உப்பு வெளியே வரும் கதவை அகலமாகத் திறந்துவைத்து, அதற்கு ஏற்ப முறையாக அளந்து வேறு எண்ணைப் பதிந்திருந்தார். அந்த எண் இப்போது இல்லை.

மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் அளந்தோம். பின்னால் தார்ப்பாய் விரித்து, தண்டைச் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, விழுந்ததை எடைபோட்டோம். 21 கிலோ இருக்க வேண்டும். 29. மேற்பார்வையாளர் இன்னொரு முறை என்றார். மறுபடியும் 29. பெட்டி ஒரு சுற்றுக்கு 2.1 கிலோதான் விழுகிறது என்று நினைத்துக்கொண்டு தேவைக்கு மேல் சுற்றியிருக்கிறது. கொட்டியது 2.9. கணக்கில் எழுதியது 2.1. 62ஐ 2.9ஆல் பெருக்கி 2.1ஆல் வகுத்துப் பாருங்கள். கிடங்குக்காரரின் நோட்டுப் புத்தகத்துக்கு வந்துசேர்வீர்கள். மற்ற இரண்டு லோரிகளிலும் அவர்கள் பதிந்திருந்த எண் தற்செயலாகவே எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எண் எப்படி மாறியது என்பதற்கு வருகிறேன். நான் சேர்த்த அந்த நான்கு பைட். ஓட்டுநர் எண்ணுக்கு இடம் கொடுத்ததும் அமைப்பு விவரங்களின் வரிசை நகர்ந்துவிட்டது. புதிய பதிப்பு முதல் முறை எழுந்து, பழைய விவரங்களைப் படித்து, சரிபார்ப்புத் தொகை பொருந்தாமல் 'இது கெட்டுப்போன தகவல்' என்று முடிவுசெய்து, தொழிற்சாலை எண்களைப் போட்டுக்கொண்டது. திரையில் இரண்டு விநாடி ஒரு செய்தி காட்டியிருக்கும். பாயான் லெப்பாஸில் எங்கள் சோதனை மேசையில் இருப்பது எப்போதும் தொழிற்சாலை எண்தான், அதனால் எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மைனஸ் 40 பெட்டிக்குள் எத்தனை இரவு வைத்தாலும் இது தெரிந்திருக்காது.

அங்கிளை யார் என்று எழுதிவைப்பதற்காக நான் தோண்டிய குழியில்தான் அவர் அளந்துவைத்த எண் விழுந்து காணாமல்போனது. இதை நான் மேற்பார்வையாளரிடம் அங்கேயே, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். என் ஆங்கிலம் குளிரில் இன்னும் மோசமாக இருந்தது. தப்பு லோரியிலோ ஓட்டுநரிடமோ இல்லை, நான் எழுதியதில்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் தலையாட்டினார். அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றால், நான் பார்க்கவில்லை.

அங்கிள் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்த இருபத்து நாலு டன்னும் நான் போட்டதுதான்" என்றார். நான் அறைக்குப் போய்க் கணக்குப் போட்டேன். ஒரு தேக்கரண்டி ஆறு கிராம் என்று வைத்தால், 24 டன் என்பது ஏழரைக் கோடி லிட்டர் தண்ணீர். முப்பது ஒலிம்பிக் நீச்சல் குளம். எல்லாமே அந்த ஏரிக்குப் போயிருக்காது, பள்ளத்திலும் மண்ணிலும் நிற்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரிடம் அந்த எண்ணைச் சொல்லவில்லை.

மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி வந்தது. பினாங்கில் காலை ஒன்பது. மேலாளர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அழைத்திருந்தார். வாடிக்கையாளரிடம் முதலில் போய் 'எங்கள் தப்பு' என்று சொல்வது வழக்கமில்லை என்பதை அரைமணி நேரம் விளக்கினார். கத்தவில்லை. அவர் நல்ல மனிதர்தான். என் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்தவர். நான் அனுப்பிய அறிக்கையில் 'மென்பொருள் மேம்படுத்தல் அளவீட்டு எண்ணை அழித்தது' என்றிருந்த வரி, திரும்பி வந்தபோது 'மேம்படுத்தலுக்குப் பின் அளவீடு சரிபார்க்கப்படவில்லை என்பது கண்டறியப்பட்டது' என்று ஆகியிருந்தது. ஆங்கிலத்தில்தான். ஆனால் படித்ததும் எனக்கு டிடாபாத்தி என்றே கேட்டது. சரிபார்க்க வேண்டியது யார்? ஓட்டுநர். வரியில் அவர் இல்லை, ஆனாலும் அவர்தான்.

இரண்டு நாள் அந்த ஒரு வரிக்காக இழுபறி. கடைசியில் இரண்டு வரியும் இருந்தன, அவர்களுடையது முதலில், என்னுடையது இணைப்பின் மூன்றாம் பக்கத்தில். நான் ஒத்துக்கொண்டேன். நேரில் சொல்லிவிட்டோமே என்ற தைரியம். ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும். அந்த வருட மதிப்பீட்டில் 'தொடர்புத் திறன்: மேம்பட வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் எண்ணைக் காப்பாற்றும் திருத்தத்தை ஒரே நாளில் முடித்துவிட்டேன். அது சின்ன வேலை. இன்னொன்றுதான் இழுத்தது. யாரும் அளந்து பதியாத நிலையில் பெட்டி ஓடினால், லாக்கில் கிலோ என்ற இடத்தில் எண்ணே வரக் கூடாது. 'அளக்கப்படவில்லை' என்று மட்டும் வர வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். காலியான கட்டத்தை வாடிக்கையாளர் விரும்ப மாட்டார் என்றார்கள். பல கூட்டங்களுக்குப் பிறகு ஒரு தேர்வாகச் சேர்த்தார்கள், வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது அது அணைந்துதான் இருக்கும். அடுத்த பதிப்பில் எரிந்த நிலையில் அனுப்பலாம் என்று மறுபடி எழுதிக்கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

பொத்தானைச் சுற்றி வளையம் மட்டும் எந்தக் கூட்டமும் இல்லாமல் ஒப்புதலாகிவிட்டது. ஒரு பெட்டிக்கு முப்பது சென் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

முதல் மாதிரி வந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். பிறகு உள்ளே போய், மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடும் பழைய தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஒசரமா இருக்கலாம்" என்றார்.